கொலுவில் நின்றுபோன கோபுரம்

நாற்பத்து நான்கு வயதில், தரமணி சாஃப்ட்வேர் ஆபீசிலிருந்து வீடு திரும்பியதும் நான் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டிக்குள் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் டிவியில் மாட்டி, கேசட் செருகி ஆடுவோமே, அந்தப் பெட்டிதான். அதில் விளையாட்டே இல்லாமல் வெறும் படமும் இசையும் ஓடும்படி நிரல் எழுதுவதற்கு டெமோ என்று பெயர். இன்றைய செல்ஃபி ஒன்றின் மூலையைக்கூட அந்தப் பெட்டியின் நினைவகத்தில் வைக்க முடியாது. அதற்குள் எவ்வளவு அழகைத் திணிக்கலாம் என்பதுதான் பந்தயம். உலகமெங்கும் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், போட்டி நடத்துகிறார்கள். மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்.

என் டெமோவில் குளத்திலிருந்து ஒரு கோபுரம் மெல்ல எழும். தண்ணீரில் அதன் நிழல் ஆடும். பின்னால் மூன்று குரலில் ஒரு மெட்டு. இடம் போதாததால் கோபுரத்தின் எல்லா நிலையிலும் ஒரே பொம்மையையே வைத்திருந்தேன். பள்ளியில் வேதியியல் எடுக்கும் என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, எல்லாருக்கும் ஒரே மூஞ்சியா இருக்கே?"

"இடம் இல்லை."

"முப்பது பேருக்கு இடம் இருக்கு, இன்னொரு மூஞ்சிக்கு இல்லையா?"

விளக்கிப் பார்த்துத் தோற்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரே ஒருவருக்கு மட்டும் மீசை வைத்தேன். அதற்காக வானத்தில் பறந்த நாலு கிளிகளை அழிக்க வேண்டியிருந்தது.

புது டிவியில் கோபுரம் குளியலறை டைல்ஸ் போலத் தெரிந்தது. இந்தப் படங்களுக்குப் பின்பக்கம் புடைத்த பழைய டிவிதான் சரி. அதில் கட்டங்கள் கரைந்து கல் போலாகும். அசோக் நகரில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். அவர் அப்படி ஒரு டிவியைத் தோளில் சுமந்து இரண்டு மாடி ஏறி வந்து, கூடத்து மூலையில் வைத்து, டெமோவைப் போடச் சொன்னார். கோபுரம் எழுந்து முடியும்வரை மரியாதையாக நின்றார்.

"ஆட்டம் எப்ப சார் ஸ்டார்ட் ஆவும்?"

"ஆட்டம் கிடையாது. பாக்கறதுதான்."

"அப்ப யாரு ஜெயிக்கிறது?"

"யாரும் இல்லை."

யோசித்தார். பிறகு கன்ட்ரோலரை எடுத்து எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். "இன்னா சார், ஒண்ணுமே வேலை செய்யல. இதுலயும் ரிப்பேர் கீது."

அடுத்த வாரம் நவராத்திரி. டிவியை மறுபடி யாராலும் நகர்த்த முடியாது என்பதால் கொலுப்படிகள் அதை ஒட்டியே வந்தன. மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். "கோபுரம்தானே? அதுபாட்டுக்கு ஓடிண்டிருக்கட்டும்." டிவியின் மேல் ஒரு பட்டு ரவிக்கைத்துணி ஏறியது. முதல் நாளே யாரோ அதற்குக் குங்குமம் இட்டார்கள். இரண்டாம் நாள் பெட்டியின் மேல் மல்லிகைச் சரம் கிடந்தது. வந்தவர்கள் கோபுரம் முழுதாக எழும்வரை காத்திருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மூன்றாம் நாள் மாலை டிவியின் ஓரத்தில் ஊதா நிறம் படர்ந்ததால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தேன். அவர் பின்பக்கம் குனிந்திருந்தபோது கீழ் வீட்டு மாமி வெற்றிலை பாக்குக்கு வந்தார். பாட்டு டீச்சர். ஒரு பாட்டுப் பாடச் சொன்னாள் மனைவி.

"சுருதிப்பெட்டி எடுத்துண்டு வரலையே" என்றார் மாமி.

அந்த நேரம் பார்த்து என் டெமோ நின்றுபோனது. கோபுரம் பாதி எழுந்து, மீசைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, படம் உறைந்தது. மெட்டு அறுந்து, ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் விடாமல் ஒலித்தது. எனக்கு அவமானமாகப் போயிற்று. ரீசெட் பொத்தானுக்குப் பாய்ந்தேன்.

"இருங்கோ! தொடாதேங்கோ!" மாமி கையை உயர்த்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "அஞ்சு கட்டை சுருதி. ஒரு இழை கம்மி. பரவால்ல, எனக்கும் இன்னிக்குத் தொண்டை கட்டிண்டிருக்கு."

கண்ணை மூடி ஆலாபனையை ஆரம்பித்தார்.

மாமி எதையும் சுருக்கமாகப் பாடுகிறவர் அல்ல. கால் மணி போனதும் மெக்கானிக் என் காதில், "சார், அடாப்டர் கொதிக்குது. பொகையப் போவுது" என்றார். அணைத்தால் சுருதி போய்விடும். அவர் ஓசைப்படாமல் ஒரு வார இதழை எடுத்து விசிற ஆரம்பித்தார். அந்நேரம் உள்ளே வந்த இரண்டு பெண்கள் பார்த்தது இதுதான்: குங்குமம் இட்ட டிவி, அதில் பாதிக் கோபுரம், எதிரில் ஒருவர் பாடுகிறார், ஒருவர் பணிவோடு விசிறுகிறார். ஒருத்தி செருப்பைக் கழற்றிய வேகத்தில் நேரே போய், "நீங்க ரொம்ப நேரமா பண்றேள் போல. கொஞ்சம் நான் பண்றேனே" என்று இதழை வாங்கிக்கொண்டாள். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கச்சேரி முடிவதற்குள் நாலு பேர் முறை வைத்து விசிறிவிட்டார்கள்.

மறுநாள் காலை கோளாறைக் கண்டுபிடித்தேன். மீசைக்காரரின் படத்தை எடுக்கும் இடத்தில், எப்போதாவது ஒருமுறை, நிரல் வழிதவறித் திரும்பாமலே போய்விடுகிறது. ஒரு வரியில் சரிசெய்தேன். மாலையில் மாமி இரண்டு மாணவிகளோடு வந்து பாய் விரித்து உட்கார்ந்தார். கோபுரம் எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது.

"எப்போ நிக்கும்?" என்றார் மாமி.

"இனிமே நிக்காது மாமி, சரி பண்ணிட்டேன்" என்றேன், பெருமையாக.

மாணவிகள் மாமியைப் பார்த்தார்கள். "யாரு உங்களைச் சரி பண்ணச் சொன்னா?" என்றாள் மனைவி.

இருபது வருஷமாகத் தப்பை நீக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று முதல்முறையாக ஒரு தப்பைத் திரும்ப வைக்க உட்கார்ந்தேன். நீக்குவதைவிட அது கஷ்டம். முதலில் வேறு ஸ்வரத்தில் நின்றது. மாமி உதட்டைப் பிதுக்கினார். அடுத்து இரைச்சலில் நின்றது. ஒரு மாணவி சுண்டலை வைத்துவிட்டுக் காதைப் பொத்தினாள். ஏழாவது தடவை, சரியாக ஐந்து கட்டையில், அந்த ஒரு இழைக் குறையையும் தீர்த்து நிறுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுதிய எதற்கும் அதுவரை யாரும் கைதட்டியதில்லை. தட்டியது நின்றுபோனதற்கு என்பது தெரிந்தும், சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டுப் போட்டிக்கு நிற்காமல் ஓடுகிற கோபுரத்தைத்தான் அனுப்பினேன். கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மாமியிடம் சொன்னேன். சந்தோஷம் என்றார். தன்னிடம் பாட்டுக்கு வரும் ஒரு பேங்க்காரருக்கு ஒரு கட்டைதான் சேருகிறதாம், அதற்கும் ஒன்று நிறுத்தித் தர முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை முடித்துக் கொடுத்தேன்.