டீசன்டான வீடு

நான் ஆங்கிலம் படிப்பிக்கிற டீச்சர். டீசன்ட் என்ற சொல்லுக்கு அகராதியில் கண்ணியமான, தகுந்த, ஓரளவு நல்ல என்றெல்லாம் போட்டிருக்கிறது. பாவம், அதை எழுதியவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பக்கம் வந்ததில்லை. இங்கே டீசன்டான வேலை என்றால் மழையில் நனையாத வேலை. டீசன்டான மனுசன் என்றால் குடித்துவிட்டுச் சத்தம் போடாமல் படுத்துக்கொள்கிறவர். கல்யாணச் சாப்பாடு டீசன்டா இருந்திச்சு என்றால், இறைச்சியைத் தேட வேண்டியிருந்தது என்று அர்த்தம்.

இந்தப் பாழாய்ப்போன சொல்தான் என் கல்யாணத்துக்கும் குறுக்கே வந்து நின்றது.

மாப்பிள்ளையும் நானும் ஒரே பாடசாலையில் வேலை. அவர் வீட்டார் ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிற நாளைப் போனில் சொன்னவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அம்மா வேற ஒன்னும் பாக்க மாட்டாங்க. வீடு மட்டும் கொஞ்சம் டீசன்டா இருந்தா போதும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வீடு? வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், படுக்க ஒரு காம்பராவும் சமைக்க ஒரு குசினியும்தான் எங்கள் வீடு. போனை வைத்துவிட்டு அழுதேன். இப்படிச் சொன்ன பிறகும் அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

என் அம்மா அழவில்லை. வாசலில் நின்று, "ஏய், நம்ம புள்ளய பாக்க வாராங்கடி!" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தார். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் லயமே சாமான் கொடுப்பது எங்கள் வழக்கம். கடைசிக் காம்பராவிலிருந்து திரைச்சீலை வந்தது. கோயிலிலிருந்து உட்காரப் பிளாஸ்டிக் கதிரைகள். பக்கத்து வீட்டுச் சித்தி தன் கண்ணாடி மேசையையே கொடுத்தார். கோப்பைகள் வீட்டுக்கு ஒன்றிரண்டாகச் சேர்ந்தன. மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டாரும் கோப்பையின் அடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள், வீட்டுக்கு ஒரு நிறம்.

சாமான் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் வந்து அவரவர் பொருளுக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றுகொண்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவருடைய அப்பா கோட்டு போட்டிருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அவருடைய அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைக்கப் போனார்.

"ஐயையோ, வைக்காதீங்க! சூடு பட்டா கண்ணாடி வெடிச்சிரும். எங்க மேச அது!" என்று கத்தினார் சித்தி.

எனக்கு உயிரே போய்விட்டது. சித்தியை அங்கேயே கடித்துக் குதறலாம் போலிருந்தது.

அந்த அம்மா மிச்சத் தேத்தண்ணியை நிதானமாகக் குடித்து முடித்தார். கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார். சிவப்புப் பொட்டு. கணவரின் கோப்பையையும் வாங்கிப் பார்த்தார். பச்சைப் பொட்டு. பிறகு எழுந்து, "வாம்மா, குசினிய காட்டு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தொலைந்தது சம்பந்தம் என்று நினைத்தேன்.

குசினியில் என் காதோடு சொன்னார்: "எங்க அம்மா வீடு பொகவந்தலாவையில. அங்கயும் லயந்தான். எங்க கோப்பைக்கு நீலப் பொட்டு."

நான் வடைகளைத் தட்டில் அடுக்கினேன்.

"மாமா போட்டிருக்காரே கோட்டு, அது என் தம்பியோடது. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும். வடையப் பாத்துக் குடும்மா, எண்ண பட்டுறப் போகுது."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அப்ப, வீடு டீசன்டா இருக்கணும்னு நீங்க சொன்னது?"

"நானா? நான் எங்க சொன்னேன்? லயத்துல பொறந்தவ நான், எனக்குத் தெரியாத லயமா? அந்தப் பயதான் ஒரு வாரமா டீசன்டு டீசன்டுன்னு உசுர வாங்குறான்!"

வடைத் தட்டோடு வெளியே வந்தேன். மாமாவுக்கு ரொம்ப மெதுவாக, கோட்டில் படாமல் நீட்டினேன். அவருடைய மகன் வெள்ளைச் சட்டையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டை யாருடையது என்று குனிந்து கேட்டேன். சொந்தச் சட்டைதான் என்றார். தட்டைக் கொஞ்சம் சாய்த்தேன்.

அந்த எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. துவைப்பது அவர்தான்.