சித்தியின் ஆட்கள் குனிந்து நின்ற வாசல்

சித்தப்பா மாரடைப்பில் போனபோது எனக்கு ஒன்பது வயது. எல்லாரும் அழுதுகொண்டிருக்க எனக்கு வேறு பயம். சித்தி யப்பான்காரி. தாய் தகப்பன், பெரியம்மாமார், மாமன்மார், அவர்களின் பிள்ளைகள் என்று அவருடைய சொந்தம் முழுவதும் விமானமேறி, நோர்வேயில் நாங்கள் இருந்த குரோருட்டுக்கு வந்து இறங்கிவிட்டது. இவ்வளவு சனம் சும்மாவா வரும்? தங்கச்சியைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தங்கச்சி என்றால் சித்தப்பாவின் மகள். சனி ஞாயிறுகளில் என் கட்டிலில் பாதி அவளுக்கு.

அவர்கள் கறுப்பு உடுப்போடு சத்தமில்லாமல் இருந்தார்கள். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஒருத்தரும் வாய்விட்டு அழயில்லை, பாத்தியளே?"

"அது அவையின்ரை பழக்கம். நீர் பேசாமல் இரும்," என்றார் அப்பா.

இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்துக்கு விளங்கப்படுத்துகிற வேலை எப்போதும் சித்தப்பாவுடையது. அவர்தான் இப்போது இல்லையே.

எரித்துவிட்டு வந்து, சித்தி வீட்டில் தேத்தண்ணீர் குடித்து எழும்பினோம். சித்தியின் ஆட்கள் அவ்வளவு பேரும் முன்னறையிலிருந்து வாசல்வரை வரிசையாக நின்றார்கள். முதலில் சித்தியின் தகப்பன், கடைசியில் தங்கச்சி. ஒவ்வொருவராக இடுப்பு மடியக் குனிந்தார்கள். அம்மா என் கையை இறுக்கினார்.

"செத்தவீட்டிலை சொல்லிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது. ஒருத்தரையும் பாராமல் வா."

சனிக்கிழமை வருவாயா என்று தங்கச்சியைக் கேட்க வாயெடுத்தேன். அவளும் குனிந்தாள். கேட்டால் இன்னொருவர் செத்துப்போவாரோ என்ற பயத்தில் நான் என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள்.

கோடை விடுமுறைக்கு முன்பே அந்த வீடு காலியாகிவிட்டது. நான் பயந்தபடியே கொண்டுபோய்விட்டார்கள் என்று அந்தச் சனத்தின்மேல் எனக்குத் தீராத கோபம் இருந்தது.

வளர்ந்தபின் தங்கச்சியின் கல்யாணத்துக்கு ஒசாகா போனேன். சித்தி பக்கத்தில் இருந்து, இன்னும் மறக்காத நொர்ஸ்க் மொழியில் மெல்லக் கதைத்தார். சித்தப்பாவின் செத்தவீடுதான் அவர் கண்ட முதல் தமிழ்ச் செத்தவீடாம். தகப்பன் அவரைக் கூட்டிப்போக வரவேயில்லையாம். மகளையும் பேத்தியையும் இனி நீங்கள்தான் பார்க்கவேண்டும் என்று எங்களிடம் பாரம் கொடுக்கத்தான் அவ்வளவு பேரையும் திரட்டிக்கொண்டு வந்தாராம். வாசலில் குனிந்து அதைத்தான் கேட்டார்களாம். எங்களில் ஒருவர்கூட முகம் கொடுக்கவில்லை. நாங்கள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் தகப்பன் பெட்டி அடுக்கச் சொன்னாராம்.