படிப்பதும் வாசிப்பதும்

என் அண்ணி ரெண்டாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் கமா டீச்சர். ஒரு கமா விட்டுப்போனாலும் பொறுக்கமாட்டார். நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைக்கூடத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்புவார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

போன வருஷம் கல்வி அலுவலகம் அவரை ஒரு குழுவில் போட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு மொழியில் என்னென்ன வர வேண்டும் என்று தேசியத் தரம் ஒன்று, மாநிலத் தரம் ஒன்று. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, "ஒன்று" அல்லது "வேறு" எனக் குறிக்க வேண்டும். ஒன்று என்றால் மாநிலத்தின் பழைய தேர்வே தொடரும். வேறு என்றால் தேசியத் தரப்படி புதுத் தேர்வு. அந்த அலுவலகத்தில் தட்டச்சு என் வேலை என்பதால் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

ரெண்டாம் வகுப்புக்கு வந்தோம். தேசியத் தரத்தில், "புதிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்." மாநிலத்தில், "புதிய பத்தியைத் தடங்கலின்றி வாசிக்க வேண்டும்."

"ரெண்டும் ஒண்ணுதான், போடும்மா" என்றார் குழுத் தலைவர். போட்டுவிட்டேன்.

"அழி" என்றார் அண்ணி.

அண்ணியின் மகளுக்குத் திக்குவாய். அவளும் ரெண்டாம் வகுப்புதான். படித்ததைக் கேட்டால் அச்சுப் பிசகாமல் எழுதிவிடுவாள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். நின்று வாசிக்கச் சொல்லும் பழைய தேர்வே தொடர்ந்தால் இன்னொரு வருஷமும் அதே வகுப்பு. இது தலைவருக்கும் தெரியும்.

"உங்க பொண்ணுக்காகப் பேசுறீங்களா டீச்சர்?"

"ஆமா சார், அவளுக்காகத்தான். ஆனா நான் சொல்றது சரியான்னு பாருங்க." மேஜையில் கிடந்த சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். "இதைக் கொஞ்சம் படிங்க."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தின் அடிவரை போய் நிமிர்ந்தார். "படிச்சிட்டேன். இதுல என்ன இருக்கு?"

"நீங்க வாயையே திறக்கலையே சார்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைவர் முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். "வேறன்னே போடும்மா."

வீடு வந்து சேரும்வரை அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பிடும்போது மகளிடம் சொன்னார்: இனி தேர்வில் யாரும் நின்று வாசிக்கச் சொல்லமாட்டார்கள், மனசுக்குள் படித்து விடை எழுதினால் போதும்.

பிள்ளை துள்ளிக் குதிக்கும் என்று பார்த்தால், சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

"அப்போ எ... என்னை வா... வாசிக்கவே சொல்ல மாட்டாங்களா?"

"அதுக்குத்தானேடி அம்மா இவ்வளவு மல்லுக்கட்டினேன்?"

"எனக்கு வா... வாசிக்கப் பிடிக்கும்மா. யாரும் மு... முடிக்க விடுறதில்ல."

அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. மகள் திக்கினால் அந்தச் சொல்லை முந்திக்கொண்டு சொல்லி முடிப்பவர் வீட்டில் அவர்தான். பாவமாக இருந்தது எனக்கு, இரண்டு பேரையும் பார்க்க.

கையைக் கழுவிவிட்டுப் பிள்ளை புத்தகத்தை எடுத்துவந்தாள். ஒரு பக்கம்தான். தட்டில் எல்லாம் ஆறிப்போனது. கடைசிச் சொல் வரை அண்ணி குறுக்கே எதுவும் சொல்லவில்லை.