வேலியில் ஒரு சட்டை

அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தார். மாலையில் வீடு வந்ததும் வியர்வையும் எண்ணெயும் ஊறிய சட்டையைக் கழற்றிக் கோழிக்கூட்டு வேலியில் மாட்டுவார். மனித வாடைக்கு நரி அண்டாது என்பார். வாடை பழசாகாமல் இருக்கத் தினமும் சட்டையை மாற்றுவார்.

"அந்த நாத்தத்துக்கு நரியே ஓடுது. நான்தான் காலம் பூரா குடித்தனம் பண்றேன்," என்று அம்மா சிரிப்பாள்.

அப்பா இறந்த பிறகு ஒரு கோழி காணாமல் போனது. வேலிக்கு அடியில் பள்ளம், பக்கத்தில் கொஞ்சம் இறகு. கீரி என்றால் உடலைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். இது நரி.

நான் எலக்ட்ரிகல் இன்ஜினியர். சென்சார் விளக்கு பொருத்தினேன். கம்பிவலையை மண்ணுக்குள் இறக்கினேன். பாறை இருந்த இடத்தில் வலை இறங்காமல் ஓர் இடுக்கு விழுந்தது. அந்த வழியாக இன்னொரு கோழியும் போனது. என் சட்டையை மாட்டிப் பார்த்தேன். ஏசி அறையில் உட்காருபவன் சட்டையில் சோப்பு வாடைதான் இருந்தது.

அப்பாவின் துவைக்காத சட்டை ஒன்றைப் பையில் கட்டி பீரோவில் வைத்திருந்தேன். எப்போதாவது பிரித்து முகர்ந்துவிட்டு உடனே மூடிவிடுவேன்.

"கோழிங்க அவர் வளர்த்ததுடா. போய் மாட்டு," என்றாள் அம்மா.

"வாசம் போயிடும்மா."

அவள் பீரோவைத் திறந்து, பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

மாட்டினேன். காற்றில் அதன் கை அசைந்தது. தீவனத் தட்டு என் கையில்தான் இருந்தது. கோழிகள் சட்டைக்குக் கீழே ஓடிப்போய் நின்று, அண்ணாந்து பார்த்தன.