நாகஹோரி குறித்த ஒரு டிக்

எங்கள் ஒசாகாவில் யாராவது "வியாபாரம் எப்படி?" என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்பதுதான் பதில். அமோகம் என்றால் திமிர். படுத்துவிட்டது என்றால் பிச்சை. டாக்சி ஓட்டும் நாகஹோரி டோக்குஜி இந்த மரியாதையில் தவறியதே இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஊரின் பொருளாதார நாடியைப் பார்க்க ஓர் ஆய்வு மன்றம் பொறுக்கியெடுத்த நூறு பேரில் அவரும் ஒருவர். மாதாமாதம் படிவம் வரும்: நிலவரம் முன்னைவிட மேலா, கீழா, அதேதானா? பதினோரு வருடமாக "அதேதான்" என்றே குறித்தார். இதற்குள் உலகச் சந்தை ஒருமுறை கவிழ்ந்து எழுந்துவிட்டது. ஆனாலும் அந்தப் படிவத்தால்தான் டாக்சி நிறுத்தத்தில் அவருக்கு, மத்திய வங்கியின் தலைவர் மாதிரி, 'கவர்னர்' என்று பட்டம்.

ஒருநாள் மன்றத்தின் பொருளாதார நிபுணர் மியாசாகா அம்மையார் அவர் வண்டியிலேயே ஏறினார்.

"அண்ணே, நீங்க இருக்கீங்களா போயிட்டீங்களான்னு பாக்க வந்தேன். இந்த மாசமும் அதேதான்னா பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவாங்க."

பேர் போனால் 'கவர்னர்' பட்டமும் போகுமே என்று நாகஹோரி வண்டியை ஓரங்கட்டினார். "மந்தம் ஏம்மா வருது? சொல்லுங்க, அதைப் பாத்து எழுதறேன்."

"எங்க ஆபீஸ்லயே நாலு கட்சி. அளவுக்கு மேல உற்பத்தி பண்றாங்கன்னு ஒருத்தர். சம்பளம் பத்தாததால வாங்க ஆளில்லைங்கறார் இன்னொருத்தர். வட்டியை மலிவா விட்டதுதான் வினைன்னு எங்க தலைவர். பயம்தான் காரணம்னு நான். கெட்ட காலம் வருதுன்னு எல்லாரும் கையை மூடிக்கிட்டா, அது வந்துடும்."

"நாலு பேரும் ஒண்ணா சாப்பிடுவீங்களா?"

"தனித்தனி மேசை."

அந்த மாதம் சவாரி உண்மையில் நன்றாகவே இருந்தது. ஆனால் "மேல்" என்று குறிக்க ஒசாகாக்காரர் கை வருமா? பெயரைக் காப்பாற்ற "கீழ்" என்று டிக் போட்டார். நிறுத்தத்திலும் சொல்லிவைத்தார்.

"கவர்னரே சொல்லிட்டாரா? அப்ப நிலைமை மோசம்தான்டா!"

ஓட்டுநர்கள் புது டயரைத் தள்ளிப்போட்டார்கள். ஆண்டுக்கடைசி விருந்தை ரத்து செய்தார்கள். அந்த விருந்து கைநழுவிப் போன உணவகக்காரி தமாயோ, தினமும் மீன் சந்தைக்கு நாகஹோரியின் வண்டியில் போனவள், ரயிலுக்கு மாறினாள். டயர் விற்காத கடைக்காரரும் டாக்சியை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்.

அடுத்த மாதம் மியாசாகா தொலைபேசியில் கேட்டார்: "இந்தத் தடவை நிஜமாவே கீழேதானா?"

"நிஜம்மா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, என்ன எழுத?"

"உள்ளதை எழுதுங்க."

"போன மாசம் நான் போட்ட டிக்குன்னா?"

பயம்தான் காரணம் என்ற தன் கட்சி ஜெயித்த சந்தோஷத்தில் அம்மையார் சிரித்துவிட்டார். "அண்ணே, உங்க பேரை இனி ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க!"

"அது சரி. வண்டில ஒருத்தராவது ஏறுவாங்களா?"