கோல்டு கார்டுக்கு இரண்டு ஃபிளைட் பாக்கி

நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். என் சம்பளத்தைக் கேட்டவர்கள், இவன் கோவை பீளமேட்டில் விமானம் இறங்குவதை வேடிக்கை பார்ப்பதோடு சரி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ஆறு வருடத்தில் நானும் என் மனைவியும் பதினேழு முறை பறந்திருக்கிறோம். லாட்டரியும் விழவில்லை, கடத்தலும் இல்லை. எல்லாம் பாயிண்ட். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பாயிண்ட். அதை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் டிக்கெட். அந்த டிக்கெட்டில் பறந்தால் கணக்கில் இன்னொரு பயணம் ஏறும்.

என் சம்பளத்தை மட்டும் தேய்த்தால் டவுன் பஸ்ஸில் உக்கடம் வரைக்கும்தான் போகலாம். அதனால் சொந்தக்காரர்கள் செலவையெல்லாம் என் கார்டில் தேய்க்க ஆரம்பித்தேன். அவர்கள் பணத்தை என்னிடம் கொடுத்துவிடுவார்கள், பாயிண்ட் எனக்கு. யார் வீட்டில் கல்யாணம் நிச்சயமானாலும் பெண்ணைப் பெற்றவருக்கு முன்னால் நான் சந்தோஷப்பட்டேன். முகூர்த்தப் பட்டு எடுக்க வேன் வைத்துப் போகிறவர்களோடு முன்சீட்டில் நான் இருப்பேன். சித்தப்பா தோட்டத்து போர்வெல், மாமா வீட்டு மாட்டுத்தீவனம், எதையும் விடவில்லை. பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றபோதும் ஆஸ்பத்திரி கவுண்டரில் கார்டோடு நின்றேன். உள்ளே போகுமுன் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குது சாமி" என்றார். "ஒண்ணும் ஆகாதுங்க பெரிம்மா" என்று தைரியம் சொன்னேன். ஆனால் மனசுக்குள், அடுத்த கண்ணையும் இந்த மாதத்துக்குள் பண்ணிவிட்டால் போனஸ் பாயிண்ட் கிடைக்குமே என்று ஓடியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதில் ஒரே ஒரு சிக்கல். நாம் போக ஆசைப்படும் ஊருக்கு பாயிண்டில் சீட் இருக்காது. சீட் இருக்கும் ஊருக்கு நாம்தான் ஆசைப்பட்டுக்கொள்ள வேண்டும். என் மனைவி கல்யாணமான புதிதில் கடல் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். நாங்கள் இந்தூர் போனோம், குவாஹாத்தி போனோம், நாக்பூர் இரண்டு முறை போனோம். நாக்பூரில் பார்க்க வேண்டியதை முதல் முறையே பார்த்து முடித்துவிட்டதால், இரண்டாம் முறை ஹோட்டல் அறையில் துணி துவைத்துக் காயப்போட்டோம்.

"ஏனுங்க, இதைய நம்மூட்டு மொட்டை மாடிலயே காயப்போட்டிருக்கலாமுங்களே" என்றாள்.

"இது ஓசி ரூமு" என்றேன்.

"நம்மூட்டு மொட்டை மாடிக்கு யாருங்க வாடகை கேக்கறாங்க?"

அவள் அப்படித்தான். சத்தம் போட மாட்டாள், மரியாதை குறையாமல் கேட்பாள்.

இந்த உலகத்தில் கோல்டு கார்டு என்று ஒன்று உண்டு. ஒரு வருடத்துக்குள் குறிப்பிட்ட தடவை பறந்தால் விமானக் கம்பெனி கொடுக்கும். அது இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், கூடுதலாகப் பெட்டி கொண்டுபோகலாம், முன்னால் ஏறலாம். முன்னால் ஏறினவனும் பின்னால் ஏறினவனும் ஒன்றாகத்தான் போய்ச் சேருவார்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் எனக்கு அது வேண்டும். என் உறுப்பினர் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. கணக்கெல்லாம் சரியாக வைத்திருந்தேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆப்பைத் திறந்தால் இரண்டு ஃபிளைட் குறைகிறது. நாக்பூர் டிக்கெட்டில் என் இனிஷியல் அப்பா பேராக நீண்டு என் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, கணக்கிலிருந்த பேரோடு ஒத்துப்போகாததால், அந்தப் பயணத்தைப் பண்ணியது நான் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கப்பா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. அவர் நாக்பூர் போய்வந்ததாகக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு ஃபிளைட் பறந்தாக வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமைதான் என் அக்கா மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு மூன்று வயது மூத்தவள். பெருந்துறையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், மச்சானுக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் குழந்தை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, சுற்றாத கோயில் இல்லை. யார் வீட்டுக் காதுகுத்துக்கும் போக மாட்டாள், போனாலும் பந்திக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். கடைசியில் ஒரு பெண் பிறந்தது. எங்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிக்க வேண்டும், காது குத்த வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். பிரசவ வார்டிலேயே குழந்தையை என் கையில் கொடுத்து, "கண்ணு, இவளுக்கு உம்மடிலதான் காது குத்தோணும், அதைப் பாத்துட்டன்னா எனக்குப் போதும்" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கட்டாயம் என்று வாக்குக் கொடுத்தேன்.

முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும். நான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். காலை ஆறு பத்துக்குக் கோவையில் ஏறினால் சென்னையில் ஏழே கால். எட்டு இருபதுக்கு அங்கிருந்து ஏறினால் ஒன்பதரைக்குக் கோவை. அங்கேயே டாக்ஸி பிடித்தால் பதினொன்றுக்குள் பெருந்துறைப் பக்கம் மச்சானின் குலதெய்வக் கோயில், காதுகுத்து அங்கேதான். ஏர்போர்ட்டும் பெருந்துறையும் ஒரே ரோட்டில்தானே இருக்கின்றன. யோசித்துப் பார்த்தால் சென்னை எனக்குப் போகிற வழியில்தான் இருந்தது.

"காது குத்தற அன்னைக்கு மெட்ராஸ் போயிட்டு வாரீங்களா? அங்க என்னங்க வேலை?" என்றாள் மனைவி.

"வேலையெல்லாம் ஒண்ணுமில்ல. போயிட்டு உடனே வந்துருவேன்."

"ஒண்ணுமில்லாததுக்குப் போறதா இருந்தா திங்கக்கெழம போலாமுங்களே."

திங்கட்கிழமை போனால் பிரயோஜனம் இல்லை என்பதை அரைமணி நேரம் விளக்கினேன். அவள் மாமன் சீரை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். பட்டுப்பாவாடை, தங்கத் தோடு, வெள்ளிக் கொலுசு, இனிப்பு. தாம்பாளத்தில் வைத்தால் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது என்று என் டிராலியில் அடுக்கினாள். வீட்டிலேயே நல்ல பெட்டி அதுதான். சும்மா போய்வருகிற பயணத்துக்கு எனக்குப் பெட்டி தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னை வரைக்கும் எல்லாம் கடிகாரம் போலப் போயிற்று. லவுஞ்சில் கிரெடிட் கார்டைக் காட்டி இட்லி, பொங்கல், ஆம்லெட் என்று எதற்கும் குறை வைக்காமல் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு கேட்டில் நிற்கும்போது அறிவிப்பு வந்தது. விமானம் மாறிவிட்டது, இது சின்னது, சீட் பத்தவில்லை. யாராவது ஒருவர் மனமுவந்து அடுத்த விமானத்தில் வந்தால், நாட்டுக்குள் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்வர ஒரு டிக்கெட் இலவசம்.

என் கை மேலே போயிருந்தது.

நான் தூக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஆறு வருடப் பழக்கம், இலவசம் என்று காதில் விழுந்ததும் அது தானாக எழுந்தது. திரும்பிப் பார்த்தேன், வேறு ஒரு கையும் இல்லை. ஒரு பெருமைகூட வந்தது. கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். "கோயம்புத்தூர்ல அவசர வேலை எதுவும் இல்லையே சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். அடுத்த விமானம் ஒன்பதரைக்கு. பத்தே முக்காலுக்கு இறங்கினால் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோயில். மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

ஒன்பதரை விமானம் பத்து மணிக்கு என்றார்கள். பிறகு பத்தே முக்கால் என்றார்கள். பதினொன்றேகாலுக்குத்தான் எங்களை உள்ளே ஏற்றினார்கள். அதற்குள் மனைவி ஏழு தடவை கூப்பிட்டுவிட்டாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு எட்டாவது தடவை எடுத்தேன்.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"பிளேன்ல உக்காந்துட்டேன்."

"எந்தூர்லீங்க?"

"மெட்ராஸ்ல."

பின்னணியில் மேளம் கேட்டது. பிறகு சொன்னாள். வேறு யாராவது பங்காளி மடியில் உட்கார வைக்கலாம் என்று எல்லோரும் சொல்லியும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லையாம். எமகண்டம் பிறக்கப்போகிறது, நாவிதரும் ஆசாரியும் கத்தியும் கம்பியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பெரியப்பா ஒரு வழி சொல்லியிருக்கிறார்.

"உங்க பொருள் ஏதாச்சு இருந்தா அதைய உங்க ஸ்தானத்துல வெச்சு பண்ணிப்போடலாங்கறாருங்க."

"என்ன பொருள் இருக்குது?"

"டிராலிதானுங்க இருக்குது."

விமானப் பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொன்னாள். சென்னையிலிருந்து கோவை வரைக்கும், கீழே எங்கோ என் மருமகள் ஒரு டிராலி மேல் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்போடு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. பந்தி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைப் பெரியப்பா சொல்லச் சொல்ல ஆள் ஆளுக்குச் சிரித்தார்கள். டிராலியை நிறுத்தி வைத்துப் பட்டுத்துண்டு போர்த்திச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். குழந்தையை உட்கார வைத்ததும் டிராலி தரை சரிவில் உருண்டிருக்கிறது. "மாமன் ஓடப் பாக்கறான், புடிங்கடா" என்று பெரியப்பா சத்தம் போட, நாலு பேர் பிடித்துக்கொண்டார்களாம். ஜிப்பில் சிக்கியிருந்த முடியை மனைவி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா ஓடி வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பிளேன் லேட்டாயிருச்சா கண்ணு? எல்லாரும் உன்னையப் பேசுனாங்க. பிளேனு வரலைன்னா அவன் என்ன தள்ளிட்டா வருவான்னு நாஞ்சொல்லிப்போட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "முகூர்த்தம் தவறக்கூடாதுன்னு ஒரு காதுதான் குத்துனோம். இன்னொண்ணை உனக்குன்னு வெச்சிருக்கறேன். ஆசாரியப் போக உடல" என்றாள்.

ஆசாரி வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினார்கள். நான் உட்கார்ந்து மடியை விரித்தேன். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு காதில் மட்டும் தோடு போட்டுக்கொண்டு வந்தது. காலையில் விவரம் தெரியாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்ததாம். இப்போது விவரம் தெரியும். ஆசாரியைப் பார்த்தது, கம்பியைப் பார்த்தது, என்னைப் பார்த்து வீறிட்டது. நான் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க என் மூஞ்சியைப் பிறாண்டிக்கொண்டு, "மாமா வேண்டாம், பொட்டி வேணும்" என்று டிராலியைப் பார்த்துக் கையை நீட்டியது. சுற்றி நின்றவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது குத்தி முடிந்ததும் குழந்தை என் மடியிலிருந்து இறங்கி ஓடிப்போய் டிராலி மேல் ஏறி உட்கார்ந்து அழுதது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, பிளேன் லேட்டானது அப்பறந்தானுங்க. மொத பிளேன்ல எனக்கு சீட் இருந்துச்சு. நாந்தான் உட்டுக் குடுத்துட்டேன்" என்றேன்.

"யாருக்காச்சு முடியலையா கண்ணு?"

"இல்லீங்க்கா. ஒரு ஓசி டிக்கெட் குடுத்தாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"எங்க போறதுக்கு கண்ணு?"

"எங்க வேணும்னாலும் போலாங்க்கா."

அவள் குழந்தையைத் தூக்கி, காதோரம் வடிந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள். ரொம்ப நேரம் ஒற்றினாள். பிறகு பந்தல் பக்கம் திரும்பி யாரிடமோ இரண்டு இலை போடச் சொன்னாள்.

"வா, சாப்படலாம். நீ வந்தாத்தான்னு நானும் இன்னும் சாப்படல."