நாலு கோட்டு மண்ணெண்ணெயும் குற்றாலப் பசியும்

1963 ஜூலை 14, ஞாயிறு. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஐந்து நாற்பதுக்கு வேனின் பின்பலகையை இறக்கி, அதன்மேல் ஸ்டவ்வை வைத்துப் பம்ப் அடித்து, காபி போட்டேன். ஆறு மணிக்கு நானும் மனைவியும் அவள் தம்பியும் பெரிய அருவிக்குப் போனோம்.

ஒரு காலத்தில் சோடா ஏற்றிய வேன் அது. சீசனுக்கு அறை எடுக்க வேண்டாம், புதன்கிழமை வரை நாலு நாளும் வேனிலேயே தங்கலாம் என்றது நான். மனைவி ஒரே நிபந்தனை வைத்தாள்: ஒரு டின் மண்ணெண்ணெய்தான். அது தீர்ந்தால் அன்றைக்கே தென்காசிக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் வேன் என்ற பேச்சே கூடாது.

ஒரு மாதம் வீட்டில் எரித்துப் பார்த்து, டின்னுக்குள் விட்டு அளக்க மூங்கில் குச்சியில் நாலு கோடு போட்டிருந்தேன். நாளுக்கு ஒரு கோடு. கணக்கில் பிழை இல்லை. அருவியில் நின்றுவிட்டு வருகிறவனின் வயிறு வேறு வயிறு என்பதை மட்டும், தென்காசியிலேயே பிறந்த நான் மறந்துபோனேன். மைத்துனன் உப்புமாச் சட்டியை வழித்துவிட்டு, அடுத்தது எப்போது என்றான். இன்னொரு சட்டி ஏறியது. மத்தியானக் குளியலுக்குப் பிறகு இரண்டு உலை. போதாததற்குச் சாரல் காற்று வேறு. நாலு மணிக்குக் குச்சியை விட்டுப் பார்த்தால் மிச்சம் ஒன்றரைக் கோடு.

“குச்சியத் தலைகீழா விட்டுப் பாருங்க அத்தான். கூட வந்தாலும் வரும்.”

“ஏலே, எண்ணெயக் குடிச்சதே உன் வயிறுதாம்லே.”

“அவன ஏன் வையுதிய? உங்க தட்டு மட்டும் சும்மாவா இருந்துச்சு?” என்றாள் மனைவி.

“சரி, நாளைக்கே கிளம்பிருவோம்,” என்றேன்.

அவள் ஈரத் தலையைத் துவட்டியபடி அருவிப் பக்கம் பார்த்தாள். “நான் இன்னும் அஞ்சருவிக்கே போகலை.”

ஆறரைக்குச் சோறு பாதி வெந்ததும் ஸ்டவ்வை அணைத்தாள். பானையை மூடி, என் கம்பளியில் சுற்றி இருக்கைக்கடியில் தள்ளினாள்.

“அது என் கம்பளி.”

“கோடு போட்டதும் நீங்கதான்.”

நாற்பது நிமிஷத்தில் சோறு வெந்திருந்தது. குச்சியில் எண்ணெய் இறங்கியதே தெரியவில்லை. இப்படிப் போனால் புதன்வரை தாங்கும். டைரியில், ‘நாங்கள் கண்டுபிடித்த முறை’ என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, பென்சிலைப் பிடுங்கி, ‘நாங்கள்’ என்பதை அடித்தாள்.

கஞ்சி மணக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். மறுநாள் ஐந்தரைக்கு, ஸ்டவ்வைத் தொடுவதற்கு முன், அதை நாலாக மடித்து அவளிடம் கொடுத்தேன்.